சோலைக்கிளியைப் பார்க்க வேண்டுமானால் கீழே பாருங்கள்

கொடைக்கானலுக்கு வருகிற சொந்தக்காரர்கள் தூண்பாறை, ஏரி, சாக்லேட் என்று இரண்டு நாளில் முடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆனால் இப்போதெல்லாம் நடுவில் ஒருவர், "உங்க ஊர்ல ஒரு நீலக் குருவி இருக்காமே, அதை எப்படிப் பாக்கிறது?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார். அவர் கேட்பது சோலைக்கிளியை. போனில் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், வழியில் பாதி தூரம் சோலையோரமாகவே, அதாவது இங்கே இயற்கையாக வளர்ந்த மலைக்காட்டின் ஓரமாகவே, நடக்க வேண்டும். பல வருடம் அந்தப் பறவையின் குரலைக் கேட்டுக்கொண்டே நடந்தும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்கள் வார்டில் ஆயாவாக வேலை பார்த்த அக்கா ஒருவர் சின்ன வயதில் விறகு பொறுக்கப் போய்ப் பழகியவர். ஒருநாள் அவரும் கூட நடந்து வந்தார். நான் கழுத்தை அண்ணாந்து கிளைகளில் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தி, "மேல என்ன பாக்குறீங்க சிஸ்டர்? அது தரையிலதான இருக்கு" என்றார். காட்டிய இடத்தில், எனக்கு ஐந்தடி தூரத்தில், சருகுக்கு நடுவே அது நின்றுகொண்டிருந்தது. நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அந்த ஒரு வாக்கியம்தான்.

முதலில் பெயர். சோலைக்கிளி என்றதும் பச்சைக்கிளி நினைவுக்கு வரும். மலையாளத்தில் சின்னப் பறவை எதையும் கிளி என்பார்கள். பச்சைக்கிளிக்கு அங்கே தத்தை என்று பெயர். சின்னப் பறவை என்ற அந்தப் பொருளில்தான் இந்தப் பெயரில் கிளி இருக்கிறது. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் நீளம், சுமார் 15 சென்டிமீட்டர். வால் கட்டை, கால் நீளம், நிமிர்ந்த நிற்பு. முதுகும் மார்பும் சிலேட்டுப் பலகை நனைந்தால் வருகிற கருநீலம். முகம் கறுப்பு, வயிறு வெள்ளை. நெற்றியிலிருந்து கண்ணுக்கு மேலாக வெளிறிய நீலத்தில் ஒரு புருவக் கோடு ஓடும். இருட்டான புதருக்குள் மற்ற எதுவும் தெரியாதபோது அந்தக் கோடு மட்டும் தெரியும். அதைத் தேடப் பழகிக்கொள்ளுங்கள்.

நீலகிரியில் இருப்பது வேறு இனம். அதற்கு விலாப்பக்கம் செம்பழுப்பாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது, முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த, வெக்கையான நிலம். குளிர்ந்த சோலையின் தரையிலேயே பிறந்து வளர்ந்த இந்தப் பறவை அந்த வெக்கையைத் தாண்டிப் போவதில்லை. வெகுகாலமாகப் போகாததால்தான் அங்கே இருப்பது ஒன்றாகவும் இங்கே இருப்பது இன்னொன்றாகவும் ஆகிவிட்டது. கொடைக்கானல் இருக்கும் இந்தப் பழனிமலையிலிருந்து கிடைத்த பறவையை வைத்து 1868ல் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் இதற்குப் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு எந்தப் பேரினத்தில், அதாவது எந்த நெருங்கிய சொந்தக் கூட்டத்தில், சேர்ப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் 2017ல் பறவை ஆய்வாளர் வி.வி. ராபினும் அவரோடு வேலை செய்தவர்களும் மரபணுவைப் பார்த்து, இது இமயமலைப் பக்கத்துப் பறவைகளோடு சேர்ந்ததே இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனிப் பேரினம் என்று சொல்லி 'ஷோலிக்கோலா' என்று பெயரிட்டார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். ஒரு பறவையின் அறிவியல் பெயருக்குள் நம் ‘சோலை’ உட்கார்ந்திருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, எப்போது வரலாம்? பங்குனியிலிருந்து வைகாசி வரை அதிகமாகப் பாடும். குரல் கேட்காமல் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால் முதல் தடவை வருகிறவர்களுக்கு அதுதான் சரியான காலம். ஆனால் அதுவே சுற்றுலா சீசன். சனி, ஞாயிறு வேண்டாம், செவ்வாய், புதனில் வாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். வத்தலக்குண்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டால் செக்போஸ்டில் நிற்க வேண்டியிருக்காது. ராத்திரியே மேலே வந்து தங்கிவிடுங்கள். கீழேயிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பி வந்து பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்திருக்கும்.

அதன் நேரம் என்பது விடிந்தும் விடியாத ஒரு மணி நேரம். சாலையில் ஆள் முகம் தெரிய ஆரம்பிக்கும்போது சோலைக்குள் இன்னும் இருட்டாகவே இருக்கும். அப்போதுதான் அது புதரை விட்டு ஓரத்துக்கு வரும், ஓடைக்கரை, ஒற்றையடிப் பாதை, சாலையோரச் சாக்கடை வரைக்கும்கூட. முதல் பால்வண்டி போனதும் உள்ளே போய்விடும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி கொஞ்சம் வெளியே வரும். மழை பெய்து விட்ட பிறகு, மரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருக்கும் நேரம் இருக்கிறதே, அதுவும் நல்ல நேரம். பகல் பதினொரு மணியானாலும் அப்போது மேலே வரும் புழுவைத் தேடி அது வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இடத்துக்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஊருக்குள்ளேயே பாம்பே சோலை இருக்கிறது. வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலை. இன்னும் மேற்கே போனால் குக்கல். பேரிஜம் பக்கம் போவதானால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். எந்தச் சோலையானாலும் சாலையிலும் நடைபாதையிலும் நின்றே பாருங்கள், உள்ளே நுழையாதீர்கள். அனுமதி இல்லை என்பது ஒரு காரணம். நீங்கள் மிதிக்கிற சருகுதான் அதன் சாப்பாட்டுத் தட்டு என்பது இன்னொரு காரணம்.

பைன் காட்டில் தேடாதீர்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கும். ஆனால் கீழே ஊசி இலையைத் தவிர ஒன்றுமில்லை. புதர் இல்லாமல் அது மறைய முடியாது, மக்கிய சருகு இல்லாமல் பூச்சி இருக்காது. இந்தப் பைன் நட்டு வளர்த்தது. பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது வருடத்துக்குள் மரத்தோட்டமாகவும் விவசாய நிலமாகவும் போய்விட்டது என்று 2018ல் வந்த ஓர் ஆய்வு சொல்லியது. எங்கள் ஊர்க்காரர்களிலேயே பலர் இப்படி நட்ட வாட்டில் மரத்தையும் பைனையும் காடு என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சாலையில் நின்று உள்ளே பாருங்கள். மரம் கோணலும் மாணலுமாக, உடம்பெல்லாம் பாசி படிந்து, கீழே குறிஞ்சிப் புதரும் பெரணியும் இடுப்புயரத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தால் அது சோலை. அந்தப் பக்கத்தில் ஈரம் கசிகிற ஒரு பள்ளம் இருந்தால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

இப்போது காது. இதன் பாட்டைப் பழகாமல் வராதீர்கள். வீட்டிலேயே, இயர்போன் போட்டு, இணையத்தில் இருக்கும் பதிவுகளை ஒரு வாரம் கேளுங்கள். மெல்லிய சீட்டி ஒன்று எழும்பும், உடனே சரசரவென்று இறங்கும், நடுவில் தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு, மறுபடி சீட்டி. ஒரு பாட்டைப் போல அடுத்தது இருக்காது. அதனால் மெட்டை மனப்பாடம் செய்து பிரயோஜனமில்லை. சீட்டியும் கரகரப்பும் மாறி மாறி வருகிற அந்தச் சாயலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு இல்லாத மாதங்களில் புதருக்குள்ளிருந்து அவ்வப்போது ஒற்றைச் சீட்டி மட்டும் வரும்.

காட்டில் நிற்கும்போது, சத்தம் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். முழங்காலுக்குக் கீழிருந்து வந்தால் பெரும்பாலும் இதுதான். யாரோ ஒரு பையன் போகிற போக்கில் சீட்டியடிக்கிற மாதிரி நிதானமாக, பெரிய குரலில், ஓடைப் பக்கமிருந்து கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. அதுவும் நீலம்தான், ஆனால் உருவத்தில் பெரியது. கண் மட்டத்துக்கு மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும் சின்ன நீலப் பறவை நீலகிரி ஈபிடிப்பான். புதருக்குள் ஆரஞ்சும் கறுப்புமாக ஒன்று எட்டிப் பார்த்தால் அது வேறு ஒரு ஈபிடிப்பான். அதுவும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு எங்கும் இல்லாதது. கிடைத்தால் நின்று பாருங்கள். அதற்குக் கூச்சம் குறைவு.

பைனாகுலர் வாங்குவதானால் எட்டுப் பெருக்கம், 42 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ளது, அதாவது 8×42, போதும். சட்டைப் பைக்குள் போகிற 10×25 இங்கே உதவாது. 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால், 25ஐப் பத்தால் வகுத்தால் இரண்டரை. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். வெளிச்சம் இல்லாத இடத்தில் அந்த வித்தியாசம்தான் பறவைக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம். வாங்கும்போது எவ்வளவு பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது என்றும் பாருங்கள். இரண்டு மீட்டர் நல்லது. ஐந்து மீட்டருக்கு உள்ளே மங்கிப்போகிற பைனாகுலரில் இந்தப் பறவை மங்கலாகவே தெரியும், அவ்வளவு பக்கத்தில் வரும்.

உடை பச்சை, பழுப்பு, சாம்பல் எதுவானாலும் சரி. நைலான் ஜெர்க்கின் மட்டும் வேண்டாம். கையைத் தூக்கினால் அது போடுகிற சரக் சத்தத்துக்கே எல்லாம் கெட்டுவிடும். பழைய கம்பளி ஸ்வெட்டரும் சால்வையும் போதும். சால்வையை வாய்க்கு மேலே சுற்றாதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு கண்ணாடி அணிகிற எங்களைக் கேட்டால் தெரியும், மூச்சு மேலே ஏறி லென்ஸை மூடிவிடும். தாடைக்குக் கீழே இறக்கிக் கட்டுங்கள்.

அப்புறம், உட்கார்வது. அடர்ந்த புதருக்கு முன்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குச் சருகு மூடிய வெற்றிடம் இருக்கிற மாதிரி பாருங்கள். அதற்கு எதிரே, சாலையோரக் கல்லிலோ மரத்தடியிலோ, முதுகுக்கு ஏதாவது அணைப்பு இருக்கிற மாதிரி உட்காருங்கள். வானம் உங்கள் பின்னால் இருக்கக் கூடாது. இருந்தால் உங்கள் தலை அசைவதெல்லாம் அதற்குத் தெரியும். போனை அணைத்துவிடுங்கள். பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிடாமல் கையில் பிடித்து, நெஞ்சு உயரத்தில் தயாராக வைத்திருங்கள். பறவை வந்த பிறகு கை மடியிலிருந்து கண்வரைக்கும் போகிற அந்தத் தூரத்தில்தான் பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

நாற்பது நிமிடமாவது அசையாமல் இருக்க வேண்டும். சும்மா இரு என்றால் உடம்பு கேட்காது. நான் டிரிப்ஸ் எண்ணுகிற மாதிரி மரத்திலிருந்து விழும் சொட்டுகளை எண்ணுவேன். நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ண ஆரம்பித்தால் கை கால் தானாக அடங்கிவிடும். கண்ணை ஓரிடத்தில் குத்தாமல், வெற்றிடம் முழுவதையும் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டிருங்கள். அசைவுதான் முதலில் தெரியும்.

சென்ற பங்குனியில் ஒரு காலை. எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியிருக்கும். பெரணி மட்டை ஒன்று காற்றே இல்லாமல் ஆடியது. அதன் அடியிலிருந்து இரண்டு தத்து, நின்றது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தது. மக்கிய இலை ஒன்றை அலகால் பிடித்து, காலண்டர் தாளைக் கிழிக்கிற மாதிரி ஒரே வீச்சில் பக்கவாட்டில் எறிந்தது. அடியில் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு தத்து. விழுந்து கிடந்த கிளையின் பாசிக்குள் அலகை விட்டு, மெல்ல, அறுந்துவிடக் கூடாது என்பது போல இழுத்தது. வெளியே வந்தது நீண்ட காலுள்ள ஒரு சிலந்தி. அதைத் தரையில் இரண்டு தட்டு தட்டி விழுங்கியது. அப்புறம் கிளை மேல் ஏறி வாலை ஒருமுறை அமுக்கி, அந்த இருட்டில் உட்கார்ந்தபடி, வாயைப் பெரிதாகத் திறக்காமலே பாட ஆரம்பித்தது. என் கட்டைவிரல் அளவு தொண்டை அதிர்வது பைனாகுலரில் தெரிந்தது. அன்றைக்கு டூட்டிக்குப் பத்து நிமிடம் தாமதம்.

செய்யக் கூடாதது ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அதன் பாட்டை அங்கே ஒலிபரப்பாதீர்கள். ஒரு சித்திரை மாதம், சோலையோரத்தில் ஒரு குழு ஸ்பீக்கரைப் புதருக்குள் வைத்து இருபது நிமிடத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தது. பறவை வந்துவிட்டது. கூச்சமெல்லாம் போய், திறந்த வெளியில் நின்று, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, அந்தப் பெட்டியைப் பார்த்துப் பாடிப் பாடி ஓய்ந்தது. அவர்களுக்கு நல்ல படம் கிடைத்திருக்கும். பறவைக்கு அது படமெடுப்பு இல்லை. தன் எல்லைக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான். வார்டில் பொய் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால் நாங்கள் எந்த நோயாளியிடம் ஓடுவது? அந்த இருபது நிமிடத்தில் அது குஞ்சுக்கு இரை தேடியிருக்க வேண்டும். பிளாஷும் வேண்டாம். வெளிச்சம் இல்லையென்றால் படம் இல்லாமல் திரும்புங்கள்.

கூடு விஷயத்தில் தப்பு என்னுடையது. சாலையோர மண்திட்டில், வேருக்கு அடியில் இருந்த பொந்துக்குள் அது பாசியைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் தினமும் டூட்டிக்குப் போகிற வழியில் பக்கத்தில் போய், போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இரண்டு முட்டை இருந்தது. ஐந்தாம் நாள் போனபோது பாசி மட்டும் வெளியே இழுத்துப் போட்டுக் கிடந்தது. அக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. "நாம போட்ட தடத்துலதான சிஸ்டர் கீரியும் போகும்" என்றார். ஈரமண்ணில் என் செருப்புத் தடம் சாலையிலிருந்து பொந்துவரை கோடு போட்ட மாதிரி இருந்தது. பாசியோ புழுவோ கவ்வியபடி ஒரு பறவை உங்களைப் பார்த்துத் தயங்கி நிற்கிறதா, அதே இடத்தில் விடாமல் கரகரவென்று கத்துகிறதா, உடனே எழுந்து வந்த வழியே போய்விடுங்கள். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், எனக்கும்கூட.

உங்கள் உடம்புக்கும் இரண்டு வார்த்தை. விடியற்காலையில் காட்டெருமை சாலையில் நிற்கும். ஊருக்குள் பழகியது போலத் தெரியும், நம்பிப் பக்கத்தில் போகாதீர்கள். அது நகரும்வரை நீங்கள் நில்லுங்கள், டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள், அதற்கும் புதருக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். தனியாக வருகிற பெண்கள், தங்கியிருக்கும் வீட்டில் எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நானும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

சருகிலும் புல்லிலும் உட்கார்ந்து வந்தால் அன்றே வெந்நீரில் குளித்து, துணியைத் தனியாகத் துவைத்துப் போடுங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை படுகிற இடம் எல்லாம் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவதுதான் உண்ணிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு வரும், வலிக்காது, அதனால் பார்க்க மாட்டீர்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும்போது நீங்கள் மதுரையிலோ சென்னையிலோ இருப்பீர்கள். டாக்டருக்கு இந்த யோசனையே வராமல் போகலாம். "மலைக்காட்டில் உட்கார்ந்திருந்தேன்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகிவிடும். தாமதமாக வந்தவர்களை ஐசியுவில் பார்த்திருக்கிறேன்.

பார்த்தால், நாள், நேரம், எந்தச் சோலை, எத்தனை, பாடியதா என்று இ-பேர்டு செயலியில் பதிவு செய்யுங்கள். பார்க்காமல் கேட்டிருந்தாலும் கேட்டேன் என்று போடுங்கள். ஒன்றுமே இல்லாத காலையையும் போடுங்கள், எந்தப் பக்கத்தில் குறைகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அதுவும் தேவை.

முதல் நாள் கிடைக்கவில்லையென்றால் இடத்தை மாற்றாதீர்கள். அது தன் எல்லையை விட்டு அதிகம் நகராது, நேற்றுக் குரல் கேட்ட புதரில் இன்றும் இருக்கும். அதே கல்லில், அதே நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருங்கள். சால்வையை மறக்க வேண்டாம், கல் ஈரமாக இருக்கும்.